திண்டுக்கல் பூட்டும் கல்பாக்கத்துச் சோடியமும்

திண்டுக்கல் அருகே எங்கள் அகரத்தில் முத்தாலம்மன் கோயில் திருவிழா ஐப்பசியில் வரும். அதற்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது என் சிறுவயதில் எழுதாத சட்டம். சாக்கில் வாங்கி வந்த கல்சுண்ணாம்பை வாசலோரத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு கல் விரிசல் விட்டுச் சீறும். தொட்டி முழுவதும் சோற்று உலை போலக் கொதிக்கும். அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, தண்ணீர் மட்டும் கொதிக்கிறது. "கண்ணுல தெறிச்சா அவ்வளவுதான், தள்ளி நில்லுடா" என்று அப்பத்தா அதட்டுவார். தண்ணீர் பட்டுச் சூடாகும் பொருளை நான் முதலில் பார்த்தது அந்தத் தொட்டியில்தான். திண்டுக்கல்லின் தோல் ஷாப்களில் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்புக் குழிகள் வைத்திருப்பார்கள். அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் இந்தச் சூடு பழக்கமானது.

பிற்பாடு பள்ளி ஆய்வகத்தில் வேதியியல் ஆசிரியர் மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து சோடியத்தை இடுக்கியால் எடுத்தார். வெண்ணெயை வெட்டுவது போலக் கத்தியால் ஒரு மிளகளவு வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போட்டார். அது உருண்டையாகி, நீரின் மேல் கிறுக்குப் பிடித்ததுபோல் ஓடி, சீறிக் கரைந்தது. எல்லோரும் கை தட்டினோம். சுண்ணாம்புத் தொட்டியும் இதுவும் ஒன்றுதானே என்று எனக்குத் தோன்றியது. ஒன்றல்ல. ஆனால் அந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

கல்சுண்ணாம்பு உலோகமல்ல, ஓர் உலோகத்தின் சாம்பல் என்று சொல்லலாம். கால்சியம் என்ற உலோகம் ஆக்சிஜனுக்குத் தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து முடித்த பிறகு எஞ்சிய பொருள் அது. தண்ணீர் சேரும்போது ஹைட்ராக்சைடாக மாறுகிறது, அவ்வளவே. ஹைட்ரஜன் வருவதில்லை. அப்படியும் ஒரு கிலோ தூய சுண்ணாம்பு நீறும்போது வரும் வெப்பம், சாதாரணச் சூட்டிலிருக்கும் சுமார் 4 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். கணக்கில் சொன்னால் ஒரு மோலுக்கு 65 கிலோஜூல். சாம்பலாகாத கால்சியம் உலோகத்தையே நீரில் போட்டால் வெளிப்படுவது 414 கிலோஜூல், ஆறு மடங்குக்கு மேல். இத்தனை வெப்பம் கைவசம் வைத்திருக்கும் கால்சியம் நீரில் எப்படி நடந்துகொள்கிறது? அடியில் கிடந்து குமிழி விடுகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

ஆகவே வெப்பத்தின் அளவை மட்டும் வைத்து ஓர் உலோகத்தின் மூர்க்கத்தை எடைபோட முடியாது. பாடப்புத்தகம் படித்த பலரும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

1807 அக்டோபரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி, உருக்கிய பொட்டாஷ் காரத்தில் மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். சில நாள்களில் சோடியம். அதுவரை எவரும் தனியாகக் கண்டிராத உலோகங்கள் அவை. இயற்கையில் தனித்துக் கிடைக்காததற்குக் காரணமே நீரும் காற்றும் அவற்றை விட்டுவைக்காததுதான். அன்றிலிருந்து கார உலோகங்களின் வரிசை மாணவர்களுக்கு மனப்பாடம்: லித்தியம் மெதுவாகக் குமிழிடும், சோடியம் சீறும், பொட்டாசியம் ஊதாச் சுடரோடு எரியும், ருபிடியமும் சீசியமும் போட்ட கணமே பாத்திரத்தை உடைக்கும். கீழே போகப் போக வெளிவட்ட எலக்ட்ரான் கருவிலிருந்து தூரமாகிறது, பிடி தளர்கிறது, அதனால் வேகம் கூடுகிறது என்பது விளக்கம்.

விளக்கம் தப்பில்லை, பாதிதான். வெப்பக் கணக்கை எடுத்துப் பாருங்கள். நீரோடு வினைபுரியும்போது ஒரு மோல் லித்தியம் விடுவது சுமார் 222 கிலோஜூல். சோடியம் 184. பொட்டாசியம் 196. சீசியம் சற்றேறக்குறைய 203. எல்லாவற்றிலும் சாதுவான லித்தியத்துக்குத்தான் வெப்பம் அதிகம்! கிராம் கணக்கில் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது: ஒரு கிராம் லித்தியம் ஏறத்தாழ 32 கிலோஜூல், ஒரு கிராம் சீசியம் ஒன்றரை.

காரணம் வரவு செலவில் இருக்கிறது. ஓர் அணுவை உலோகத்திலிருந்து பெயர்க்க ஒரு செலவு, அதன் எலக்ட்ரானைப் பிடுங்க இன்னொரு செலவு. லித்தியத்தின் எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 520 கிலோஜூல் வேண்டும். சீசியத்துக்கு 376 போதும். ஆனால் எலக்ட்ரானை இழந்த லித்தியம் அயனி மிகச் சிறியது. நீர் மூலக்கூறுகள் அதை நெருங்கிச் சூழ்ந்து அணைத்துக்கொள்கின்றன. அந்த அணைப்பில் வரும் வரவு, செலவையெல்லாம் ஈடுகட்டி மிச்சமும் தருகிறது. பெரிய சீசியம் அயனியை நீர் அவ்வளவு இறுக்கிப் பிடிப்பதில்லை. முடிவில் லாபம் லித்தியத்துக்கு, ஆர்ப்பாட்டம் சீசியத்துக்கு.

அப்படியானால் லித்தியம் ஏன் வெடிப்பதில்லை? அது உருகுவது 180 டிகிரி செல்சியசில். சோடியம் 98 டிகிரியில் உருகிவிடும், பொட்டாசியம் 63 டிகிரியில், சீசியம் வெறும் 28 டிகிரியில். சித்திரை வெயிலில் திண்டுக்கல்லில் சீசியத்தைக் குப்பியில் வைத்தால் அது திரவமாகத்தான் இருக்கும். உருகிய உலோகம் நெளியும், சிதறும், நொடிக்கு நொடி புது மேற்பரப்பைத் திறந்து காட்டும். உருகாத லித்தியமோ நீரைத் தொடும் பரப்போடு மட்டும் வேலையை முடித்துக்கொள்கிறது. மேற்பரப்பு என்ற இந்தச் சொல்லை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் அது கூடவே வரும்.

மேற்பரப்பைப் பற்றிப் பேசத் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, இரும்பும் பித்தளையும் கையால் தட்டி ராவிச் செய்வது. எங்கள் வீட்டுப் பத்தாயத்தில் தொங்கிய மாங்காய்ப் பூட்டு தாத்தா காலத்தது. அதன் இரும்பும் நீரோடு வினைபுரிந்துகொண்டுதான் இருக்கிறது. துரு என்பது வேறென்ன? ஆனால் நீரும் காற்றும் சேர்ந்து அரிக்கப் பல தலைமுறை ஆகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் நீராவியைச் செலுத்தினால் அதே இரும்பு ஹைட்ரஜனை வெளியே தள்ளும் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரான்சில் லவாசியே செய்து காட்டினார். ஆக, நீரை உடைக்கும் ஆசை இரும்புக்கும் உண்டு. வேகம் இல்லை.

நம் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் அலுமினியத்தின் கதை இதைவிட விந்தை. ஒரு கிராம் அலுமினியம் நீரோடு முழுமையாக வினைபுரிந்தால் 15 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் தர வேண்டும். சோடியத்தைப் போல இரு மடங்கு. அந்தப் பாத்திரத்தில்தான் நாம் தினமும் சோறு வடிக்கிறோம். காற்றுப் பட்ட கணமே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு தோல் படிந்துவிடுகிறது. தலைமயிரைப் பல்லாயிரம் கூறாகக் கிழித்தால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு மெல்லியது. அந்தத் தோல்தான் பூட்டு. இரும்பின் துரு உதிர்ந்து உள்ளிருக்கும் இரும்புக்கு வழிவிடும். அலுமினியத்தின் ஆக்சைடு ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். சோடியத்தின் ஆக்சைடோ நீரில் கரைந்துவிடும். பூட்டே உப்புக்கல்லில் செய்ததாக இருந்தால் கதவு எத்தனை நாள் நிற்கும்?

இந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவிகளும் உண்டு. அலுமினியத் துண்டைக் கீறி ஒரு சொட்டுப் பாதரசம் தேய்த்தால் ஆக்சைடு தோல் ஒட்டி நிற்க முடியாது. ஈரக் காற்றிலேயே அலுமினியம் வெள்ளைத் தாடி முளைத்ததுபோல் அரித்துக்கொண்டே போகும். விமானங்களில் பாதரசம் கொண்டுபோகக் கெடுபிடி இதனால்தான். காஸ்டிக் சோடாக் கரைசலும் அந்தத் தோலைக் கரைத்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் அதைக் கரைக்காதீர்கள் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வது வெறும் பயமல்ல.

பாதரசம் இதற்கு நேர்மாறான வேலையும் செய்யும். உப்புக் கரைசலிலிருந்து காஸ்டிக் சோடா தயாரித்த பழைய முறையில், மின்சாரத்தால் பிரிந்த சோடியத்தைப் பாதரசம் தன்னுள் கரைத்து எடுத்துச் செல்லும். அந்தச் சோடியக் கலவையை நீரில் விட்டால் வெடிப்பதில்லை, சோம்பேறித்தனமாகக் குமிழிடும். வினையைத் துரிதப்படுத்தக் கிராபைட் துண்டுகளை நிரப்ப வேண்டியிருந்தது. வெண்ணெயாய் வெட்டி நீரில் போட்டால் சீறும் அதே சோடியத்தை, நீரோடு சேர்த்துவைக்க ஆலைக்காரர்கள் தரகு வைத்தார்கள்! பாதரசத்தின் நச்சு காரணமாக அந்த முறை இந்தியாவில் இப்போது ஓய்ந்துவிட்டது.

அலுமினியத்தின் பூட்டை உடைக்க இன்னொரு வழி அதைப் பொடியாக்குவது. ஒரு சென்டிமீட்டர் கன அலுமினியத்துக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதைப் பத்து மைக்ரான் துகள்களாக அரைத்தால் 6,000 சதுர சென்டிமீட்டர். குழந்தைக்குத் துவட்டும் துண்டை விரித்த அளவு. அகரத்துத் திருவிழாவில் வாணம் விடும்போது வானில் பூக்கும் வெள்ளி நிறம் இந்த அலுமினியப் பவுடர்தான். அங்கே அது அழகு. அந்த வாணம் தயாராகும் விருதுநகர் மாவட்டத்து ஆலைகளில், ஈரம் பட்டால் அபாயம். நைட்ரேட் கலந்த அலுமினியப் பவுடரில் தண்ணீர் சேர்ந்தால் வினை மெல்ல ஆரம்பிக்கும். நைட்ரேட் சிதைந்து அம்மோனியா உண்டாகும், அந்தக் காரம் ஆக்சைடு தோலை மேலும் கரைக்கும், புது அலுமினியம் வெளிப்படும், இன்னும் சூடாகும். தானே தன்னை விசிறிக்கொள்ளும் நெருப்பு இது. கலவையில் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பது அந்தக் காரத்தை அடக்கத்தான். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் செய்தியில் 'உராய்வு காரணமாக' என்ற ஒற்றை வரி வருகிறது. மருந்து அறையின் ஈரத்தையும், அம்மோனியா வாடை வந்ததா என்பதையும் விசாரித்துச் சொல்லும் செய்தியை நான் அரிதாகவே படித்திருக்கிறேன்.

இதே இடத்தில் இன்னொரு தப்பான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி எரிந்தால் 'லித்தியம், தண்ணீர் ஊற்றாதே' என்று வாட்ஸ்அப்பில் உலவுகிறது. லித்தியம் அயனி பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் எலக்ட்ரானை ஏற்கெனவே இழந்த அயனி. வெட்டி எடுக்கும் உலோகமல்ல. எரியும் மின்வாகனப் பேட்டரியைத் தீயணைப்புத் துறையினர் ஏராளமான தண்ணீரால் குளிரவைக்கிறார்கள்.

சோடியத்துக்குத் திரும்புவோம். இருநூறு வருடமாக வகுப்பில் சொல்லிவந்த விளக்கம் இப்படி: சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்கிறது, நீர் ஹைட்ரஜனை விடுகிறது, வெப்பத்தில் ஹைட்ரஜன் பற்றிக்கொண்டு வெடிக்கிறது. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கல் மிதமான சூட்டில் இருந்தால் தண்ணீர் 'சொய்' என்று ஆவியாகும். மிகவும் காய்ந்துவிட்டால் துளி முத்துப்போல் உருண்டு ஓடுமே தவிர, உடனே ஆவியாகாது. துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவிப் படலம் ஒன்று மெத்தைபோல் தடுத்துவிடுகிறது. சூடான சோடியத்தைச் சுற்றியும் நீராவியும் ஹைட்ரஜனும் அப்படியொரு மெத்தை போட வேண்டுமல்லவா? மெத்தை போட்டால் நீர் உலோகத்தைத் தொட முடியாது. வினை தணிந்து அடங்க வேண்டும். அடங்காமல் வெடிப்பது எப்படி? காற்றே இல்லாத இடத்தில், ஹைட்ரஜன் எரிய வழியில்லாத நீருக்கடியிலும் வெடிப்பது எப்படி?

இதைத் தோண்டியவர்கள் பிராகாவில் பாவெல் யுங்விர்ட்டின் குழுவினர். பிலிப் மேசன் என்ற வேதியியலாளர் முதலில் ஒரு மாடத்தில் இதைச் செய்துபார்த்தார் என்பது இந்த ஆராய்ச்சியின் சுவையான பகுதி. அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் சோடியம் பொட்டாசியக் கலவையின் துளியை நீரில் விழவைத்து, நொடிக்குப் பல்லாயிரம் படம் எடுக்கும் கேமராவில் பதிந்தார்கள். 2015 ஜனவரியில் 'நேச்சர் கெமிஸ்ட்ரி' இதழில் முடிவு வந்தது. துளி நீரைத் தொட்டு ஒரு மில்லிநொடிகூட ஆகவில்லை. அதற்குள் உலோகத்திலிருந்து முள்முள்ளாய்க் கூர்கள் நீருக்குள் பாய்கின்றன. துளி வட்டமாக இருந்தது முள்ளம்பன்றியாகிவிடுகிறது. ஹைட்ரஜன் மெத்தை விரிக்க அவகாசமே கிடைக்கவில்லை.

அவர்கள் கணினியில் அணுக்களை ஓடவிட்டுக் கண்ட காரணம் இது. உலோகத்தின் மேற்பரப்பிலுள்ள ஒவ்வோர் அணுவும் சில பிக்கோநொடிகளில், அதாவது நொடியை லட்சம் கோடிக் கூறாக்கினால் வரும் சில கூறுகளுக்குள், தன் எலக்ட்ரானை நீருக்குள் விட்டுவிடுகிறது. விட்டபின் மிஞ்சுவது நேர்மின் அயனிகள் மட்டும். தோளோடு தோள் நெருங்கி நிற்கும் ஒரே மின்சுமைக் கூட்டம். ஒரே சுமை ஒன்றையொன்று தள்ளும். தள்ளும் வேகத்தில் உலோகம் தானே கிழிந்து முள்ளாய்ச் சிதறுகிறது. சிதறிய முள்ளுக்குப் புது மேற்பரப்பு, அது மீண்டும் எலக்ட்ரானை விடுகிறது, மீண்டும் சிதறுகிறது. மின்சுமை ஏறிய திரவத்துளி ஓர் எல்லை தாண்டினால் தன்னையே பிளந்துகொள்ளும் என்று 1882-இல் ராலே பிரபு கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து இங்கே வந்து உட்கார்ந்தது. ஹைட்ரஜன் எரிவதும் நீராவி பெருகுவதும் அதற்குப் பிறகு வரும் இரண்டாம் காட்சி.

வெளியேறிய எலக்ட்ரான்களையும் கேமரா பிடித்தது. நீருக்குள் தனியாக நிற்கும் எலக்ட்ரானுக்கு நீல நிறம் உண்டு. 1962-இல் ஹார்ட், போக் என்ற இருவர் அதன் நிறமாலையைப் பதிந்திருந்தார்கள். பிராகாத் துளியின் ஓரத்தில் அந்த நீலம் மின்னி மறைந்தது. அதே குழு 2021-இல் நேர்மாறான ஒன்றைச் செய்தது. பெர்லினில், வெற்றிடத்தில் தொங்கிய சோடியம் பொட்டாசியத் துளியின் மேல் நீராவியை மிக மிகக் கொஞ்சமாகப் படியவிட்டார்கள். உலோகத்தின் எலக்ட்ரான்கள் அந்த மெல்லிய நீர்ப்படலத்துக்குள் பரவ, சில நொடிகளுக்கு நீரே உலோகமாகிப் பொன்னாக மின்னியது. உலோகமும் அதேதான், நீரும் அதேதான். ஒன்றில் வெடி, இன்னொன்றில் தங்கமுலாம். என்ன வேகத்தில் சந்திக்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் இவ்வளவுதான்; மீதியைக் கல்பாக்கத்தில் பார்க்கலாம்.

சோடியத்தையும் நீரையும் அடுத்தடுத்த அறையில் குடிவைத்திருக்கும் இடம் கல்பாக்கம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985 அக்டோபர் 18 அன்று சோதனை வேக ஈனுலை இயங்கத் தொடங்கியது. வேக ஈனுலையில் நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. நீர் குறைத்துவிடும், சோடியம் அவ்வளவாகக் குறைக்காது. 98 டிகிரியில் உருகி 883 டிகிரி வரை சாதாரண அழுத்தத்திலேயே திரவமாக நிற்கும். வெப்பத்தைப் பிரமாதமாகக் கடத்தும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள தோரியத்தை ஒருநாள் எரிபொருளாக்க வேண்டும் என்ற ஹோமி பாபாவின் மூன்றுகட்டத் திட்டத்தில் இரண்டாம் கட்டம் இந்த ஈனுலைகள். அதனால்தான் இவ்வளவு பொல்லாத உலோகத்தோடு இந்தியா குடும்பம் நடத்துகிறது.

அடுத்து, 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. இதற்கு மொத்தம் 1,700 டன்னுக்கு மேல் சோடியம் தேவை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்த உலைக்குத் தோண்டியிருந்த அடித்தளக் குழியைக் கடல்நீர் நிரப்பியது. அப்போது சோடியம் அங்கே வந்திருக்கவில்லை. 2024 மார்ச் 4 அன்று உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணி தொடங்கியது.

அணுவெப்பத்தைச் சுமக்கும் சோடியம் கடைசியில் நீரைக் கொதிக்கவைத்தாக வேண்டும். நீராவிதான் டர்பைனைச் சுற்றும். எனவே நீராவி உற்பத்திக் கலத்தில் 525 டிகிரி சோடியம் ஒருபுறம், நீர் மறுபுறம். இடையில் இருப்பது 2.3 மில்லிமீட்டர் தடிமனுள்ள குரோமியம் மாலிப்டினம் எஃகுக் குழாயின் சுவர். ஒரு கலத்தில் 547 குழாய்கள். ஒவ்வொன்றும் 23 மீட்டர் நீளம். மொத்தம் எட்டுக் கலங்கள். நீரின் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏறத்தாழ 170 மடங்கு. சோடியத்தின் அழுத்தம் மிகக் குறைவு. ஆகையால் ஓட்டை விழுந்தால் சோடியம் நீருக்குள் வராது, நீர்தான் சோடியத்துக்குள் பீய்ச்சியடிக்கும்.

அந்தப் பீய்ச்சல் ஒரு வெல்டிங் சுடர் மாதிரி. சூடான காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும் சேர்ந்து பக்கத்துக் குழாயின் சுவரை அரிக்கும். அது ஓட்டையானால் அடுத்தது. 1987 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் டவுன்ரே ஈனுலையில் ஒரு குழாயில் தொடங்கிய கசிவு, பத்து விநாடிக்குள் சுமார் 40 குழாய்களைத் தின்றுவிட்டது. கல்பாக்கத்துப் பொறியாளர்களின் பாடப்புத்தகத்தில் அந்தப் பத்து விநாடி பெரிய அத்தியாயம். அந்த மையத்திலேயே சோடியத்தையும் நீரையும் வேண்டுமென்றே மோதவிட்டுப் பார்க்கும் 'சோவார்ட்' என்ற சோதனைக்கூடம் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில், எத்தனை நேரத்தில் அண்டைக் குழாய் தேயும் என்று அங்கே அளக்கிறார்கள்.

தடுப்பு ஏற்பாட்டின் சூட்சுமம் ஹைட்ரஜனை முகர்வது. சோடியத்தில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு ஹைட்ரஜன் கூடினாலே எங்கோ ஊசிமுனை ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். மெல்லிய நிக்கல் சுவரின் வழியே ஹைட்ரஜன் மட்டும் ஊடுருவும். அதைக் கொண்டு கண்டுபிடிக்கும் கருவிகளும், மின்வேதியியல் அளவிகளும் அதற்காகவே செய்யப்பட்டவை. மணி அடித்தால் நீரை நிறுத்தி, வடித்து, நைட்ரஜனை நிரப்ப வேண்டும். அதையும் மீறி அழுத்தம் ஏறினால் வேண்டுமென்றே மெலிதாக வைத்த தகடு உடைந்து வழிவிடும். உலையின் மையப் பகுதியைத் தொடும் கதிரியக்கச் சோடியம் நீரின் பக்கம் வரவே வராது. இடையில் கதிரியக்கமில்லாத இரண்டாவது சோடியச் சுற்று ஒன்று தரகராக நிற்கிறது. விலை அதிகமான தரகர்தான். அவர் இல்லாமல் முடியாது.

எல்லா ஏற்பாடும் எப்போதும் வென்றதில்லை. 1995 டிசம்பர் 8 அன்று ஜப்பானின் மோன்ஜு உலையில் வெப்பமானி செருகிய இடத்தில் உடைந்து சுமார் 640 கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. கதிரியக்கம் வெளியேறவில்லை. ஆனால் நிர்வாகம் காணொளியின் ஒரு பகுதியை மறைத்தது அம்பலமாகி, உலை பல ஆண்டுகள் முடங்கி, 2016-இல் மூடுவதென முடிவாயிற்று. சோடியம் செய்த சேதத்தைவிட ஒளித்தது செய்த சேதம் பெரிது. கல்பாக்கத்துச் சோதனை உலையிலும் 2002-இல் 75 கிலோ முதன்மைச் சோடியம் கசிந்தது. அணு நிலையங்கள் இத்தகைய எண்களைத் தமிழில், சாதாரண மக்களுக்குப் புரியும்படி, தாங்களே முன்வந்து சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை என்பது என் மனக்குறை.

சோடியத்தை ஒழித்துக்கட்டுவதில்கூட இரண்டு வழிகள் உண்டு. 1947-இல் அமெரிக்க அரசு, போருக்குப் பின் மிஞ்சிய சோடியத்தை வாஷிங்டன் மாநிலத்து லெனோர் ஏரியில் மலைச்சரிவிலிருந்து பீப்பாய் பீப்பாயாக உருட்டிவிட்டது. ஏரி வெடித்து வானுயரப் புகை எழுந்ததைப் படமும் எடுத்துவைத்தார்கள். இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. இன்னொரு வழி, ஈனுலைப் பராமரிப்பில் வாடிக்கையாக நடப்பது. பம்பு, வால்வு போன்ற பாகங்களைப் பழுதுபார்க்க வெளியே எடுக்கும்போது அவற்றில் சோடியம் அப்பிக்கொண்டிருக்கும். அதைக் கழுவப் பயன்படுத்துவதும் தண்ணீரையேதான். பாகத்தைக் கலத்துக்குள் வைத்து மூடி, நைட்ரஜன் போன்ற வாயுவில் சிறிதளவு நீராவியைக் கலந்து உள்ளே அனுப்புகிறார்கள். வெளியேறும் ஹைட்ரஜனை அளந்தபடியே நீராவியைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். ஹைட்ரஜன் வருவது நின்ற பிறகுதான் அதன் மேல் தண்ணீரைத் தாராளமாக ஊற்றுகிறார்கள்.